கடன் குறைப்பு நிறுவனம் கைவிட்ட பின்: வங்கியா, மக்கள் நீதிமன்றமா, குறைதீர்ப்பாளரா?

நிலுவையைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகவும், அதுவரை தவணை கட்ட வேண்டாம் என்றும் சொல்லிக் கட்டணம் வாங்கிய நிறுவனம் தொலைபேசியை எடுக்காமல் போனால், கடலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள கடன்தாரருக்கு மிஞ்சுவது பெருத்த நிலுவையும், 90 நாள் தாண்டி வாராக்கடனாகிவிட்ட கணக்கும்தான். எந்த வழியில் போவதானாலும், அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பவர் பத்திரத்தை ரத்து செய்துவிட்டு, இனித் தன்னிடமே பேச வேண்டும் என்ற கடிதத்தைக் கிளையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கிப் பதிவில் கைபேசி எண் மாற்றப்பட்டிருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் வங்கியின் நோட்டீஸ்கள் தொடர்ந்து அந்த நிறுவனத்துக்கே போய்ச் சேரும்.

வங்கியுடன் நேரடியாகப் பேசுவதைத்தான் நான் முதலில் வைப்பேன். சமரசத் தீர்வுக்கென இயக்குநர் குழு ஏற்ற கொள்கை வங்கிகளிடம் இருக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் அறிவுறுத்தியது. ஆகவே அந்த நிறுவனம் தன்னிடம் மட்டுமே இருப்பதாகக் காட்டிக்கொண்ட சாவி எதுவும் உண்மையில் இல்லை. பேசிக் குறைத்த தொகையை ஒரேயடியாகக் கட்டிக் கடனை முடிக்கும் ஒருமுறைத் தீர்வு, கையில் அந்த மொத்தத் தொகை இருப்பவருக்குப் பொருந்தும். ஆனால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது ‘முடிக்கப்பட்டது’ என்றல்லாமல் ‘செட்டில் செய்யப்பட்டது’ என்றே பதிவாகும்; அடுத்த கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் உறுத்தும். மாதச் சம்பளம் மட்டுமே உள்ளவர் தள்ளுபடிக்கு ஆசைப்படாமல், தவணைக் காலத்தை நீட்டித்து மறுசீரமைக்கக் கேட்பதே மேல்.

மக்கள் நீதிமன்றத்தின் பலம் வேறு வகையானது. வழக்கு தொடுக்கும் முன்பே, கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகவும், புதுச்சேரியில் ஒன்றியப் பிரதேச ஆணையம் வழியாகவும் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி அங்கு எட்டப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வங்கி பிறகு பேச்சு மாற முடியாது என்பது கடன்தாரருக்கு நன்மை. ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டத் தவறினால் அதே ஆணையை வைத்து வங்கி நேரே நிறைவேற்ற மனு போடலாம் என்பது ஆபத்து. ஆகவே, மாப்பிள்ளை வீட்டார் முன் சீர் பேசுவதுபோல் வாய்க்கு வந்த தொகையை அங்கே ஒத்துக்கொள்ளக் கூடாது. மேலும், வங்கி இசையாவிட்டால் மக்கள் நீதிமன்றம் எதையும் திணிக்காது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் கடனைக் குறைக்க மாட்டார். பலர் தவறாக நம்பிப் போவது இங்கேதான். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைத்தாலும், உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தினாலும், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராதபோது அங்கே போகலாம். கட்டணத்தை விழுங்கிய நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்தில் தொடுக்கும் வழக்கு தனிப்பாதை. 5 லட்சம் ரூபாய் வரை அதற்குக் கட்டணமில்லை, ஆனால் அது வங்கியை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காது.

காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் வந்துவிட்டால் இந்த வரிசை மாறும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அது குற்ற வழக்காகலாம். கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும் தவணை பணமின்றித் திரும்பியதற்கும், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் இதே போன்ற விதி உண்டு. அப்போது மக்கள் நீதிமன்றத் தேதிக்குக் காத்திராமல் உடனே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

அவசரம் இல்லாதபோது, வங்கியில் தொகையைப் பேசி முடித்து, அதை மக்கள் நீதிமன்றத்தில் பதிவுசெய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். வங்கி தரும் கடிதத்தில் கடன் எண், தொகை, கடைசித் தேதி, ‘முழுமையும் இறுதியுமான தீர்வு’ என்ற சொற்கள் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே, முகவரின் கையில் அல்லாமல், கடன் கணக்கிலேயே பணம் கட்ட வேண்டும். பணம் கட்டிய பின் நிலுவையில்லாச் சான்று பெற்று, சிபில் பதிவு திருந்தியதா என்றும் பார்க்க வேண்டும். அதுபற்றிய புகார் 30 நாளில் தீராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க விதி உண்டு.