ஒரே வேலையில் 600 பவுண்டா, இரண்டு வேலைகளில் 300, 300 ஆகவா?

லண்டனில் வாரச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள் பலரும் சொல்வது: "இரண்டாவது வேலைக்குப் போனால் எல்லாம் வரிக்கே போய்விடும்." அந்த வேலையின் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2025-26 விகிதங்களை வைத்துக் கூட்டிப் பார்ப்போம். (ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதம் வேறு.)

முதலில் ஒரே வேலை. ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. வாரத்துக்கு ஏறத்தாழ 242. மீதி 358க்கு 20 சதவீதம் என்றால் வரி 71.60. அரசு ஓய்வூதியம் முதலியவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்பீடும் 242க்கு மேல்தான் தொடங்கும். 8 சதவீதம், 28.64. கைக்கு வருவது 499.76.

இரண்டு வேலைகளில் முதலாவதற்கு 1257எல் என்ற வழக்கமான வரிக் குறியீடு (எவ்வளவு வரி பிடிப்பது என்று முதலாளிக்குச் சொல்வது; இது 12,570 விலக்கைத் தரும்). வரி 11.60, காப்பீடு 4.64, கைக்கு 283.76. இரண்டாவதற்கு பிஆர் குறியீடு; விலக்கே கிடையாது, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம். 60 பவுண்டு வரியாகவும் 4.64 காப்பீடாகவும் போய், 235.36 மிஞ்சும். புலம்பலெல்லாம் இந்த 60ஐப் பார்த்துத்தான். ஆனால் 11.60உம் 60உம் சேர்ந்தால் அதே 71.60! காப்பீட்டை மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதால் 242 விலக்கு இரண்டு முறை கிடைக்கிறது. மொத்தம் 519.12, வாரத்துக்கு 19.36 லாபம். இரண்டு வேலைகளும் ஒரே முதலாளியிடம் என்றால் இந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம்.

லாபம் முழுதாகத் தங்குமா? பணியிட ஓய்வூதியத்துக்கு முதலாளி போடும் குறைந்தபட்ச 3 சதவீதம், வாரத்தில் 120க்கு மேற்பட்ட தொகைக்குத்தான். ஒரே வேலையில் அது 14.40, இரண்டிலும் சேர்த்து 10.80; அதாவது 3.60 குறைவு. ஒரு வேலையிலிருந்து மற்றதற்கு ஓட நாளுக்கு ஒரு பஸ், 1.75 வீதம் ஐந்து நாளைக்கு 8.75. மிச்சம் 7 பவுண்டு. அதற்காக நான் இரண்டு மேலாளர்களிடம் விடுப்புக் கேட்டு நிற்க மாட்டேன். இரண்டு வேலைகளும் வெவ்வேறு நாட்களில், வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் யோசிப்பேன்.

இரண்டாவது வேலையில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் "வேறு வேலையும் இருக்கிறது" என்ற 'சி' கட்டத்தைக் குறிக்க வேண்டும். 'ஏ'யைக் குறித்தால் அங்கும் வரிவிலக்கு கிடைத்து, வாரம் 48.40 கூடுதலாகக் கைக்கு வரும். ஓராண்டு கவனிக்காமல் விட்டால் 2,500 பவுண்டுக்கு மேல் வரி பாக்கி.

சம்பளம் குறைவாக இருந்தால் கணக்கே தலைகீழ். 240 பவுண்டை 120, 120 என்று இரண்டு இடங்களில் வாங்குபவருக்கு, இரண்டாவது வேலையில் பிஆரில் பிடித்தாலும், ஆண்டுக் கணக்கில் வரியும் இல்லை, காப்பீடும் இல்லை. ஆனால் அரசு ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் குறைந்தபட்ச வாரச் சம்பளமான 125ஐ (2025-26) எந்த வேலையிலும் தொடாததால், அந்தச் சம்பளத்தை வைத்து அவருடைய அரசு ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டு சேராது.