லைட்ரூம் படங்களைக் கடையில் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் குடும்பப் படங்களை ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து ஏமாந்தேன். வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது.

மொத்தம் 18,000 படங்களுக்கு மேல். பாதி கேமராவில் எடுத்தவை. மீதி, சுற்றுவட்டத் தோட்டங்களில் சொந்தக்காரர் வீடுகளில் கேட்டு வாங்கி நான் ஸ்கேன் செய்தவை. எல்லாம் லைட்ரூம் 6-இல் இருந்தன. படங்களை அடுக்கி வைத்துத் திருத்தும் மென்பொருள் அது. ஞாயிறுதோறும் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். ஒரு படத்தில் விடியற்காலைப் பெரட்டு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் போகும் முன் ஆள் கணக்கெடுப்பது. வரிசையாக நிற்கிறார்கள், காலடியில் ரப்பர் பால் வாளிகள். "ஓரத்துல தலையில துண்டு கட்டினவ என் நாத்தனா. பக்கத்துல மண்டோர் வீட்டு மூத்த மக. செவப்பு ஐ.சி.ன்னு பெர்மிட்டு கெடைக்கல, ராஜுலா கப்பல்ல ஊருக்குப் போயிட்டா." மண்டோர் என்றால் தோட்டத்து மேஸ்திரி. செவப்பு ஐ.சி. குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை, பெர்மிட்டு என்றது வேலை அனுமதியை. பாட்டி சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். இந்த ஒன்று எனக்கு மனப்பாடம். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பாட்டி 2021-இல் தவறிவிட்டார்.

"புது மெஷின்ல புது வெர்ஷனுக்கு எல்லாத்தையும் ஏத்தித் தர்றேன் அக்கா, 450 வெள்ளி" (ரிங்கிட்) என்றார் கடைக்காரர். சரி என்று கொடுத்தேன். மூன்று நாள் கழித்துத் திறந்தால் எல்லாப் படமும் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. குறிப்பு இல்லை, முகங்களுக்கு வைத்த பெயர் இல்லை. எண்ணிக்கை 11,000 சொச்சம்தான். கேட்டால், "படம் எல்லாம் இருக்கே அக்கா, வேற என்ன வேணும்?" பழைய டிஸ்க்கை என்னைக் கேட்காமலே ஃபார்மேட் செய்து வேறொரு லேப்டாப்பில் மாட்டிவிட்டாராம்.

நடந்தது இதுதான். லைட்ரூமில் நாம் எழுதும் குறிப்பு, பெயர், திருத்தம் எல்லாம் கேட்டலாக் என்ற தனி ஃபைலில் இருக்கும். அதன் பெயர் .எல்ஆர்கேட் என்று முடியும். நாமாகச் சேமிக்கச் சொன்னால் ஒழிய அவை படத்துக்குள் போவதில்லை. அவர் ஜேபெக் படங்களை மட்டும் தேடி எடுத்தார், கேட்டலாக்கைத் தொடவே இல்லை. கேமரா எண் 9999-ஐத் தாண்டினால் மறுபடி 0001-இல் தொடங்கும். ஒரே பெயரில் இருந்தவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அழிந்தன.

சரியாகச் செய்திருந்தால் வேலை சின்னது. ஃபோல்டர்களைக் கலைக்காமல் காப்பி செய்து, கேட்டலாக்கையும் கொண்டு வந்து புது வெர்ஷனில் திறந்தால் போதும். அது புதிதாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும், பழையதைத் தொடாது. படம் காணவில்லை என்று காட்டினால் ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் சரியாகிவிடும்.

கடைக்குப் போகும் முன் லைட்ரூமில் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். குறிப்புகள் ஜேபெக்குக்குள்ளேயே எழுதப்படும். லைட்ரூமுக்குள் நாம் பிரித்துத் தொகுத்து வைத்த கலெக்‌ஷன்கள் மட்டும் அப்படிப் போகாது, அதற்குக் கேட்டலாக்தான் வேண்டும். அப்புறம், கேட்டலாக்குக்கு எடுக்கும் பேக்கப்பில் படங்கள் இருக்காது, அவற்றைத் தனியாகக் காப்பி எடுக்க வேண்டும். பழைய டிஸ்க்கை எக்காரணம் கொண்டும் கடையில் விட்டு வராதீர்கள்.

பாட்டியின் தங்கை கிள்ளானில் இருக்கிறார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாப் படத்தை அவரிடம் எடுத்துப் போனேன். ஏழு பேரில் மூன்று பேரைச் சொன்னார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். கடை ரசீதில் "டேட்டா டிரான்ஸ்ஃபர்" என்று எழுதியிருந்தது, அதுதான் இப்போது என் கையில் இருக்கும் ஆதாரம். உங்கள் டிஸ்க்கை யாராவது இப்போதுதான் ஃபார்மேட் செய்திருந்தால், அதில் எதையும் எழுத விடாமல் உடனே கழற்றி வாங்கிவிடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க இன்னும் வழி இருக்கலாம்.