செப்சிஸ் அதிர்ச்சியில் துடிப்பைக் குறைக்க: எஸ்மொலோலா, லாண்டியோலோலா, இவாபிரடினா?

செப்சிஸ் அதிர்ச்சியில் (கிருமித்தொற்றால் குருதியமுக்கம் ஆபத்தாக விழும் நிலை), அமுக்கத்தை உயர்த்தும் நோர்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, துடிப்பையும் அமுக்கத்தையும் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்தா என்று பலர் அஞ்சுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் துடிப்பு 120க்கு மேலேயே நின்றால் இருதயம் நிரம்ப நேரம் கிடைக்காது. அதன் தசைக்கும் குருதி போதாது.

நம்பிக்கையைக் கிளப்பியது எஸ்மொலோல் என்ற பீட்டா தடுப்பு மருந்து. 2013இல் வெளியான ரோம் ஆய்வில் 154 பேர். 28 நாள் மரணம் மருந்து பெற்றோரிடம் 49.4%, மற்றவர்களிடம் 80.5%. ஒரே வைத்தியசாலை, அதுவும் ஒப்பீட்டுக் குழுவில் இத்தனை மரணம் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது.

அதே வகை மருந்தான லாண்டியோலோல் தாளில் இன்னும் நல்லது: அரை ஆயுள், அதாவது குருதியில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 4 நிமிடம் (எஸ்மொலோலுக்கு 9), இருதயத்தையே அதிகம் தெரிவுசெய்து தாக்கும். ஆனால் 2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, ரோம் ஆய்வைப் போலவே துடிப்பை 80–94க்குக் கொண்டுவர முயன்றும், 126 பேரோடு நிறுத்தப்பட்டது. 28 நாள் மரணம் 37.1%, மருந்தில்லாதவர்களிடம் 25.4%. வித்தியாசம் புள்ளிவிபரப்படி உறுதியானதல்ல. ஆனாலும் எல்லோருக்கும் கொடுக்கும் துணிச்சலை அது எடுத்துவிடுகிறது.

இவாபிரடின் பீட்டா தடுப்பு மருந்தல்ல. துடிப்பை மட்டும் குறைக்கும், இருதயம் சுருங்கும் பலத்தைக் குறைக்காது. ஆனால் மாத்திரை, அதிர்ச்சியில் குடல் எவ்வளவு உறிஞ்சும் என்று சொல்லமுடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பில் பயனே இல்லை. இன்னொரு பீட்டா தடுப்பு மருந்தான மெட்டோப்ரோலோல் ஊசியை இங்கே தொடவேண்டாம்: அரை ஆயுள் மணிக்கணக்கு, அமுக்கம் விழுந்தால் திருப்பி எடுக்க வழியில்லை.

மருந்தைவிட ஆளைத் தெரிவுசெய்வதே முக்கியம் என்பது எங்கள் கருத்து. முதல் 24 மணித்தியாலம் திரவம், அன்டிபயோடிக், காய்ச்சல், வலி எல்லாம் பார்த்து, சராசரி குருதியமுக்கம் 65இல் நின்றபின், எக்கோ எனும் இருதய ஸ்கேனில் இருதயம் நன்றாகச் சுருங்கினால் மட்டும் எஸ்மொலோல். மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசலை சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 2.5 மில்லிலீட்டர், அதாவது 25 மில்லிகிராமில் தொடங்கி, 20 நிமிடத்துக்கு முன் கூட்டாதீர்கள். துடிப்பு குறையும்போது ஒரு துடிப்பில் வெளியேறும் குருதி கூடவேண்டும். கூடாமல் லாக்டேட் (திசுக்களுக்குக் குருதி போதாதபோது உயரும் அமிலம்) ஏறினாலோ, நோர்அட்ரினலின் தேவை உயர்ந்தாலோ, அந்த இருதயம் வேகத்தை நம்பியே ஓடியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். அரை மணித்தியாலத்தில் மருந்தின் தாக்கம் பெரும்பாலும் இறங்கிவிடும்.

கொழும்பில் மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. டெங்குவில் பிளாஸ்மா கசிந்து குருதி குறையும்போது வேகமான துடிப்புதான் உயிரைத் தாங்குகிறது. எலிக்காய்ச்சலில் இருதயத் தசையே அழற்சியுற்றிருக்கலாம். இவ்விரண்டையும் விலக்காமல் பம்பைத் தொடக்கூடாது.