போகும்போது காசு டிக்கெட், வரும்போது சப்லோ: குமரி மாவட்டத்து ஏர்லைன்ஸ் ஓய்வாளருக்கு ஒரு கணக்கு

விமானக் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருஷா வருஷம் வரும் கேள்வி இது. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போக, கம்பெனி தரும் சப்லோ டிக்கெட்டை (சீட் மிஞ்சினால் மட்டும் ஏறலாம் என்ற சலுகை டிக்கெட்டை) எடுப்பதா, எல்லாரையும் போலக் காசு கொடுத்து ஒரு மாதம் முன்பே கன்ஃபர்ம் டிக்கெட் வாங்குவதா?

என் முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். திருவனந்தபுரத்திலிருந்து ஏறும் பயணத்துக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். சப்லோவைத் திரும்பி வரும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். "சலுகை இருக்கும்போது எதுக்குக் காசு?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் கீழே இருப்பது.

முதலில் விலை. சப்லோ டிக்கெட்டில் ஐ.டி. 90 என்ற வகை என்றால் 90 சதவீதம் தள்ளுபடி என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும் என்பது பில்லைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். பாதுகாப்புக் கட்டணம் 200 ரூபாய் முழுசாக வரும். அதற்கு மேல் விமான நிலையப் பயனர் கட்டணம். திருவனந்தபுரத்தில் இது 2024 ஜூலையில் ஏறியது. உள்நாட்டுப் பயணத்துக்கு ஏறுபவருக்கு 2025-26இல் 840 ரூபாய், 2026 ஏப்ரல் முதல் 910. வந்து இறங்குபவருக்கு 360, அடுத்து 390. கம்பெனி ஆட்களில் விலக்கு டூட்டியில் இருக்கும் விமானக் குழுவுக்குத்தான், ஓய்வாளருக்கு இல்லை. இலவச பாஸேஜில் (கம்பெனி தரும் இலவசப் பயணத்தில்) போனாலும் இந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே அடிப்படைக் கட்டணம் சின்னதாக இருக்கும் சென்னை, பெங்களூர் மாதிரிக் குறுகிய பயணத்தில் 90 சதவீதத் தள்ளுபடி கையில் பாதித் தள்ளுபடி போலத்தான் வந்து நிற்கும்.

இது சின்ன விஷயம். முடிவைத் தீர்மானிப்பது வேறு: ஆஃப்லோட் ஆனால், அதாவது சீட் இல்லையென்று நிறுத்திவிட்டால், அது எந்த ஊரில் நடக்கும் என்பது.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முன்கூட்டி வாங்கினால் தலைக்கு 3,800 ரூபாய், சப்லோ 1,500. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து மிச்சம் 4,600. நாகர்கோவிலிலிருந்து ஏர்போர்ட் சுமார் 70 கிலோமீட்டர். கார் ஒரு முறைக்கு 2,500. சீட் கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்ப 2,500, மறுநாள் மறுபடியும் போக 2,500. மிச்சம் பிடித்த 4,600 அங்கேயே காலி, கூட நானூறு கைநஷ்டம். மறுநாளும் சீட் உறுதி என்று யார் சொன்னது? திரும்ப மனசில்லாமல் கவுண்டரிலேயே அன்றைய விலைக்கு வாங்கினால், தலைக்கு 8,500 என்றாலும் 17,000. முன்பே வாங்கியிருந்தால் 7,600. வித்தியாசம் 9,400. அதாவது இரண்டு பயணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தது ஒரே ஆஃப்லோடில் போய்விடும். சப்லோ டிக்கெட் பணம் திரும்பி வரும், உண்மைதான். அது வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்து பந்தியும் எழுந்திருக்கும்.

பிள்ளை வீட்டுக்குப் போகும் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும்: வளைகாப்பு, கண் ஆபரேஷன், பேரன் பிறந்தநாள். திரும்பி வருவதற்குத் தேதி இருக்காது. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்றால் இருந்துவிட்டு வரலாம். சென்னையில் ஆஃப்லோட் ஆனால் மெட்ரோ ஏறிப் பிள்ளை வீட்டுக்கே போய்விடலாம், ராத்திரிச் சாப்பாடு உண்டு. ஒரே டிக்கெட், ஒரே ரிஸ்க். ஆனால் ஒரு முனையில் 5,000 ரூபாய், மறுமுனையில் மெட்ரோ டிக்கெட் காசு.

சென்னை முனைக்கு இன்னொரு பலம் ரயில். ஏர்போர்ட்டுக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரியும் தாம்பரத்தில் நின்றுதான் போகின்றன. சார்ட் போட்ட பிறகு கரண்ட் புக்கிங்கில் பெர்த் இருக்கிறதா என்று ஃபோனிலேயே பார்க்கலாம். அதுவும் இல்லையா, இரவில் தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் கிளம்பும் அந்த்யோதயா இருக்கிறது. முழு ரயிலும் முன்பதிவில்லாத பெட்டிதான், டிக்கெட் எடுத்தால் ஏறலாம். அறுபத்தெட்டு வயதில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருவது முதுகுக்கு நல்லதில்லை, ஆனாலும் வீடு வந்து சேரும். ஒரு நாள் தங்க முடியுமென்றால் காலை 5 மணிக்கு எழும்பூரில் கிளம்பும் வந்தே பாரத் 13.50க்கு நாகர்கோவிலில் விட்டுவிடும்; புதன்கிழமை கிடையாது. ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான், முழுக் கட்டணம் என்றே கணக்கு போடுங்கள்.

இனி கவுண்டரில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது அங்கேதான். சப்லோ பயணியின் பெயர் லிஸ்டில் ஏறியிருக்கும், சீட் இருக்காது. போர்டிங் பாஸ் அடித்துக் கொடுத்தாலும் சீட் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எஸ்.பி.ஒய். (ஸ்டாண்ட்பை, காத்திருப்பவர்) என்றுதான் இருக்கும். காசு கொடுத்த பயணிகளுக்கான செக்-இன், உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக 60 நிமிஷம் முன்பு மூடும். அதன்பிறகு மிஞ்சிய சீட்டை லிஸ்ட் வரிசைப்படி கொடுப்பார்கள். வரிசையில் பணியில் இருப்பவர்கள் முன்னே, ஓய்வாளர்கள் பின்னே. அவர்களுக்குள் யார் முன்னே என்பதற்கு வேலையில் சேர்ந்த தேதியா, செக்-இன் நேரமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டிக்கு ஸ்டாண்ட்பை டேக் போட்டுத் தனியாக வைப்பார்கள். கடைசி நிமிஷத்தில் சீட் கிடைத்து, பெட்டியை ஏற்ற நேரமில்லை என்றால் பெட்டி பின்னால் வரும், அல்லது நீங்களும் நிற்க வேண்டும். அதனால் சப்லோவுக்குக் கைப்பை மட்டும். நேந்திரங்காய் சிப்ஸ், பலாப்பழம், தேங்காய் மூட்டை எல்லாம் காசு டிக்கெட் நாளுக்கு. என் பங்கீட்டில் இதுவும் பொருந்துகிறது பாருங்கள்: ஊரிலிருந்து போகும்போதுதான் மூட்டை, வரும்போது கை காலி.

ஜோடியாகப் போகிறவர்கள் இருவரையும் ஒரே பி.என்.ஆரில் போட்டால் பல கம்பெனிகளில் ஒரே ஆள் கணக்காகத்தான் பார்ப்பார்கள். ஒரு சீட் மட்டும் இருந்தால் உங்களைத் தாண்டிப் பின்னால் நிற்கும் தனியாளுக்குப் போய்விடும். தனித்தனி பி.என்.ஆர். என்றால் "ஒரு சீட்டு இருக்கு சார், யாரு போறீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலை வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு போங்கள். கவுண்டர் முன்னால் பேசினால் அந்த ஒரு நிமிஷத்தில் சீட் போய்விடும்.

காலி சீட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. பன்னிரண்டு காலி என்றால் அதிலிருந்து உங்களுக்கு முன்னால் லிஸ்டில் இருப்பவர்களைக் கழிக்க வேண்டும், முந்தைய விமானம் ரத்தாகி இதில் ஏறப்போகிறவர்களைக் கழிக்க வேண்டும். வராமல் போகிறவர்களைக் கூட்டிக்கொள்ளலாம்; விடிகாலை விமானங்களில் அப்படிச் சிலர் இருப்பார்கள். கடைசி விமானம் நேர் எதிர், பகல் முழுக்கத் தவறவிட்டவர்கள் எல்லாம் அதில்தான் வந்து விழுவார்கள். ஆகவே சப்லோவுக்கு நாளின் முதல் விமானத்தைக் குறிவையுங்கள், அதற்குப் பின்னால் அதே கம்பெனிக்கு இன்னும் இரண்டு விமானமாவது இருக்கட்டும்.

நாள் பார்ப்பதில் நம் பக்கத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு வருஷத்தில் இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஊர்வலம் ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று மாலையில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் விமானம் கிடையாது. அந்த நேரத்து விமானங்கள் முன்னும் பின்னும் தள்ளிப்போகும். அன்றைக்கு சப்லோவை மறந்துவிடுங்கள். ஆற்றுகால் பொங்கலையன்று விமானம் உண்டு, ஏர்போர்ட்டுக்குப் போகிற ரோடுதான் இருக்காது. ஓணம், கிறிஸ்துமஸ், சபரிமலை சீசன் சொல்லவே வேண்டாம். டிசம்பர் 3இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து போகும் வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டையும் குறைத்து எடைபோடாதீர்கள். காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை கேரளத்துப் பைபாஸ் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டுவதுதான் பாடு. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தும் கீழே நெரிசல் குறைந்தபாடில்லை. உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் பக்கம், பன்னாட்டு டெர்மினல் சாக்கை பக்கம், நடுவில் ரன்வே. தப்பான டெர்மினலில் இறங்கினால் ஊரைச் சுற்றி வர வேண்டும், ஆகவே டிக்கெட்டில் என்ன டெர்மினல் என்று கிளம்பும் முன் பாருங்கள்.

காசு டிக்கெட்டுக்கு இன்னொரு பலம் பலர் கணக்கில் வராது. கன்ஃபர்ம் டிக்கெட் வைத்திருப்பவரை ஓவர்புக்கிங் காரணமாக இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் தரவில்லை என்றால், விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி நஷ்டஈடு உண்டு: 24 மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கு, 10,000 ரூபாய் வரை, அதற்கு மேல் போனால் நான்கு மடங்கு, 20,000 வரை. சப்லோவுக்கு ஒரு டீ கூடக் கிடையாது, கேட்கவும் முடியாது.

இந்தக் கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. லண்டன், நியூயார்க் மாதிரி நீண்ட தூரத்தில் அடிப்படைக் கட்டணமே பெரிசு, அதனால் 90 சதவீதத் தள்ளுபடியில் மிச்சமும் பெரிசு. இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்பவர்கள் இரு பக்கமும் சப்லோ எடுக்கலாம். வேறு கம்பெனி விமானத்தில் இசட்.இ.டி. (ZED) கட்டணம், அதாவது தூரத்தை வைத்து நிர்ணயித்த ஊழியர் கட்டணம், எடுத்துப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் ரூம் வாடகை டாலரில் வரும். வளைகுடாவுக்கு மட்டும் பள்ளி விடுமுறை மாதங்களில் முயற்சி வேண்டாம்.

தூத்துக்குடி வாகைகுளம் ஏர்போர்ட் நாகர்கோவிலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்தார்கள், ரோடும் நன்றாக இருக்கிறது. ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கத்துக்காரர்களுக்குக் காசு டிக்கெட்டில் நல்ல வழி. சப்லோவுக்கு இல்லை: 78 சீட் ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானத்தில் மிஞ்சுவது எத்தனை, அடுத்த விமானம் எப்போது? எடைக் கட்டுப்பாடு வந்தால் காலி சீட் கண்ணெதிரே இருந்தும் தரமாட்டார்கள். மதுரை தூரம், விட்டுவிடலாம்.

கம்பெனி செய்தியையும் இதே கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஏர் இந்தியா 2022 ஜனவரி 27இல் டாடா கைக்குப் போனது. 2024 அக்டோபர் 1இல் ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட் (பழைய ஏர் ஏசியா இந்தியா) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது, நவம்பர் 12இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. ஏர் இந்தியாவும் எக்ஸ்பிரஸும் ஒரே குழுமம், ஆனால் தனித்தனிக் கம்பெனி. உங்கள் பாஸேஜ் இரண்டிலும் செல்லுமா, ஒன்றில் மட்டுமா என்று பார்க்காமல் "நம்ம விமானம்தானே" என்று லிஸ்ட் ஆகப் போகாதீர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17இல் நின்றபோது அதன் ஊழியர் டிக்கெட்டும் அதோடு நின்றது. சேர்த்து வைத்துப் பின்னால் எடுக்கலாம் என்ற நினைப்பு இந்தச் சலுகைக்கு ஆகாது. வருஷக் கோட்டா இருந்தால் அந்த வருஷமே எடுத்துவிடுங்கள்.

கோட்டா என்றதும் ஒரு எச்சரிக்கை. என் யோசனைப்படி ஒரு பக்கம் மட்டும் சப்லோ எடுத்தால், சில கம்பெனிகளில் போக வர சேர்த்த ஒரு முழு பாஸேஜாகக் கழித்துவிடுவார்கள். செக்டார் கணக்கா (ஒரு பக்கத்துக்கு ஒன்று), ரிட்டர்ன் கணக்கா (போக வர ஒன்று) என்று ஓய்வாளர் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுசாகக் கழிப்பார்கள் என்றால், அந்தப் பாஸேஜை வெளிநாட்டுக்கு வைத்துவிட்டுத் திரும்பி வர வந்தே பாரத் ஏறுவதே லாபம்.

பெயரையும் அப்போதே சரிபாருங்கள். கம்பெனி ரெக்கார்டில் இனிஷியலோடு இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரித்து இருக்கும், மனைவி பெயருக்குப் பின்னால் ஒன்றில் உங்கள் பெயர், இன்னொன்றில் அவர் அப்பா பெயர். டெர்மினல் வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். பார்ப்பது டிக்கெட்டும் அடையாள அட்டையும் ஒத்துப்போகிறதா என்பதை. ஓய்வாளர் அட்டையைக் கவுண்டரில் கேட்பார்கள். திரும்பி வரும் நாளுக்கு அந்த அட்டை சென்னையில் கையில் இருக்க வேண்டும், நாகர்கோவில் வீட்டு பீரோவில் அல்ல.