குளியலறைத் தரைக்கு அடியில் என்ன பூசினோம்: ஆறு வருட அனுபவம்

மாடியில் யாராவது குளித்தால் கீழே பூஜை அறையில் சாமிக்கு அபிஷேகம். அந்த நிலைமையில்தான் 2019இல் மாடிக் குளியலறைத் தரையை உடைத்தோம்.

தாழ்த்திப் போட்ட தளத்தில் நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி முழுக்கச் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. டைல்ஸ் இடுக்கு வழியாக வருஷக்கணக்கில் இறங்கிய தண்ணீர், போக வழியில்லாமல் தங்கிவிட்டது.

“சிமெண்டில் வாட்டர்ப்ரூஃப் லிக்விட் கலந்து பூசினால் போதும் சார்” என்றார் மேஸ்திரி. பழைய தரையிலும் அதைத்தானே செய்திருந்தார்கள்! பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் அந்த லிக்விட்டால் ஒன்றும் ஆகாது. தார் ஷீட் போடலாம் என்றால், அதை நெருப்பு காட்டி ஒட்ட வேண்டும்; நாலுக்கு ஆறடி அறையில், குழாய்களுக்கு நடுவே, அது சரிப்படாது. கடைசியில் பவுடரும் திரவமும் கலந்து பூசும் அக்ரிலிக் பூச்சுக்கு வந்தோம். கான்கிரீட் தளத்தின் மேல் ஒருமுறை, நிரப்பி வாட்டம் கொடுத்த பிறகு டைல்ஸுக்கு நேர் அடியில் இன்னொரு முறை. ஒவ்வொன்றும் இரண்டு கோட். முதல் கோட்டுக்குக் குறுக்காக அடுத்தது. மூலைகளில் ஃபைபர் வலை. ஷவர் பக்கச் சுவரில் ஆறடி உயரம் வரை. செலவு இரட்டிப்புதான்.

தரைத் தண்ணீர் வடியும் ட்ராப்பின் வாயை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். 48 மணி நேரம் நிற்க வேண்டிய தண்ணீர், மறுநாளே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கசிவு ட்ராப்பின் கழுத்தில். பிவிசியின் வழவழப்பில் சிமெண்ட் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, வலையோடு பூச்சை ட்ராப்புக்குள் இறக்கியபின்தான் கோடு அசையவில்லை. இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்கிற ஆளிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

இன்றுவரை கீழ்க்கூரையில் ஓதம் இல்லை. டைல்ஸ் இடுக்கை நிரப்ப ஷவர் பகுதியில் போட்ட எபாக்சி கிரௌட் லேசாக மஞ்சளித்திருக்கிறது, அவ்வளவுதான். காசு மிச்சம் பிடிக்க வாசல் பக்கம் போட்ட சிமெண்ட் கிரௌட்டை ஆசிட் அரித்துவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவியது நாங்கள்தான்.

என் தவறு வாட்டத்தில். நாலடிக்கு அரை அங்குலம் சொல்லியிருந்தேன்; பூச்சுக்கு முன் ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் இன்னும் தண்ணீர் தேங்குகிறது. கடைசியாகக் குளிப்பவர் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வரவேண்டும். பெரும்பாலும் அது நான்தான்.