28 யூரோ மர்ரன்ஸானோ

முதலில் வாங்கிய மர்ரன்ஸானோ 6 யூரோ. அதைச் சொல்லிவிட்டு அப்புறம் நல்லதுக்கு வருகிறேன்.

இத்தாலியின் சிசிலித் தீவில், கத்தானியா நகரில் யானைச் சிலை நிற்கும் சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் காந்தமும் குட்டி மாட்டுவண்டி மாதிரியான பொம்மையும் விற்கிற ஒரு கடை. சாவிக்கொத்துகளுக்கு நடுவே அது தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் கை நீண்டுவிட்டது, ஏனென்றால் அது நம் மோர்சிங், பல்லில் பிடித்து விரலால் தட்டும் சின்ன இரும்பு வாத்தியம். மூன்று வருடம் மோர்சிங் கற்றுக்கொண்டு, மேடை ஏறாமலே விட்டவள் நான். சிசிலியில் இதன் பெயர் மர்ரன்ஸானோ. அறைக்கு வந்து பல்லில் பொருத்தித் தட்டினால், தகர டப்பாவில் கூழாங்கல் விழுந்த சத்தம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் அதிரும் இரும்பு நாக்குக்கு ஒரு பக்கம் தலைமுடி அளவு இடைவெளி, மறுபக்கம் நகமே நுழைகிறது. இந்த வாத்தியத்தில் எல்லாமே அந்த இடைவெளிதான். அது கோணினால் நாதம் கிடையாது.

அதற்கு முந்தைய வாரம் பலேர்மோவில் ‘நாட்டுப்பாடல் இரவு’ என்று ஓர் உணவகத்தில் 45 யூரோ கொடுத்திருந்தேன். சிவப்பு இடுப்புத்துணி கட்டிய நால்வர், சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த அதே மூன்று பாட்டு, நடுவில் கைதட்டச் சொல்லிக் கட்டாயம். கத்தரிக்காய் கப்போனாத்தா நன்றாக இருந்தது. பாட்டைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. மறுநாள் காலை பல்லரோ சந்தையில் மீன்காரர் ஒருவர் கூவியது அதைவிட நல்ல சங்கீதம். இந்தக் கூவலுக்கு ‘அப்பன்னியாத்தா’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். இழுத்து, உடைத்து, கடைசி எழுத்தில் ஒரு கமகம் மாதிரி கீழே இறக்கினார். காசு கேட்கவில்லை.

சரி, 28 யூரோ கடை. கத்தானியாவில் தங்கியிருந்த வீட்டு அம்மாள் என் 6 யூரோ சத்தத்தைக் கேட்டுச் சகிக்காமல் வழி சொன்னார். வியா எத்னேயா என்ற வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. பெயர்ப்பலகை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் தாம்புரெல்லோ என்ற தோல்வாத்தியங்கள்தான் அடையாளம். உள்ளே ஒரு பெரியவரும், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லித்தர அவருடைய பேத்தியும் இருந்தார்கள். மர்ரன்ஸானோக்கள் ஒரு மரத்தட்டில் துணி விரித்து வரிசையாகக் கிடந்தன. எல்லாம் கையால் அடித்த இரும்பு. இரண்டு ஒன்றுபோல இல்லை. எடுத்து வாசித்துப் பார்க்க விடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் துடைத்துக் கொடுக்கிறார்கள். ஒன்பது வாசித்துப் பார்த்தேன், ஒருவர் முகமும் கோணவில்லை.

நான் வாசித்த விதம் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. நாம் மிருதங்கத்தின் சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே தட்டுவோம். அவர் சொல்லே சொல்வதில்லை. மூச்சை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும்தான் தாளம். தாரந்தெல்லா என்ற அவர்கள் ஆட்டத்தின் தாளத்தை நம் கணக்கில் ‘தகிட தகிட’ என்று எண்ணிவிடலாம், ஆனால் அவர் இழுக்கிற மூச்சில் இரண்டாவது தகிட கொஞ்சம் தள்ளாடி வரும், ஆட்டக்காரி பாவாடையைச் சுழற்றிவிட்டு நிற்கிற மாதிரி. அதை இன்னும் என்னால் பிடிக்க முடியவில்லை. பதிலுக்கு ‘தக திமி தக ஜொணு’ வாசித்தேன். பெரியவர் மர்ரன்ஸானோவைக் கீழே வைத்துவிட்டுத் தாம்புரெல்லோவை எடுத்தார். நம் கஞ்சிராவைவிடப் பெரியது, சுற்றிலும் ஜால்ராத் தகடுகள். லெந்தீனியில் ஆடு மேய்த்து வளர்ந்த ஆல்ஃபியோ அந்தீகோ இதை வாசிப்பதைக் கேளுங்கள் என்று பேத்தி எழுதிக் கொடுத்தாள். கேட்டேன். தோலில் விரல் ஓடுகிற விதத்தைக் கஞ்சிராக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் இன்னொரு பெயரும் எழுதினாள்: ரோசா பலிஸ்த்ரேரி. 1927-இல் லிக்காத்தாவில் ஏழை வீட்டில் பிறந்து, வீட்டு வேலை பார்த்து, கிட்டாருடன் பாட வந்தவர். 1990-இல் இறந்துவிட்டார். குரலில் மணல் இருக்கிறது. இனிமையை எதிர்பார்த்தால் ஏமாற்றம். எனக்கு நம் ஒப்பாரிக்காரிகள் நினைவுக்கு வந்தார்கள். இதோடு, 1954-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்கள் ஆலன் லோமாக்ஸும் தியேகோ கார்ப்பிதெல்லாவும் சிசிலியில் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவற்றில் நிறைய இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுவிட்டுப் போனால், கடையில் எதைத் தேடுகிறோம் என்று காதுக்குத் தெரியும். நான் தலைகீழாகச் செய்தேன்.

குறை என்றால் சுருதி. நமக்கு 5 கட்டை, நாலரை என்று கேட்டு வாங்கிப் பழக்கம். இங்கே தட்டில் எந்தக் குறிப்பும் இல்லை. 5 கட்டை வேண்டுமென்று கைபேசியில் சுருதி போட்டுக் காட்டினேன். பெரியவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டை எடுத்து நீட்டினார். ஒன்று 5-க்கு மேலே, மற்றது கீழே. மெழுகு ஒட்டி நாலரைக்கு இறக்கிக்கொள்ளலாம் என்று கீழே இருந்ததை எடுத்துக்கொண்டேன், மெழுகு ஒட்டினால் சுருதி இறங்குமே தவிர ஏறாது. இன்னொன்று, நாக்கு என் பழைய மோர்சிங்கைவிட மெல்லியது. வேகத்துக்கு நல்லது, ஆனால் பலமாகத் தட்டினால் அலறுகிறது. கடல் காற்றில் இரண்டே நாளில் துரு பூத்தது. வாசித்ததும் துடைத்து வைக்கவும். புதிதாகத் தொடங்குபவர்கள் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே இடம் விட்டுப் பிடியுங்கள். பெரியவர் தன் பல்லை நகத்தால் தட்டித் தட்டி இதைத்தான் சொன்னார், பேத்தி மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.

இதை ‘ங்கன்னலர்ரூனி’ என்றும் சொல்வார்களாம், திருடனை ஏமாற்றுவது என்று பொருள்படும் பெயர். யார் வைத்தார்களோ, காரணம் கேட்டதற்குப் பெரியவர் மூன்று கதை சொன்னார், மூன்றும் வேறுவேறு.

ஊர் வந்ததும் ஒரு மிளகளவு தேன்மெழுகு ஒட்டினேன். நாலரையில் அசையாமல் நிற்கிறது. அந்த 6 யூரோ உருப்படியில் இப்போது வண்டிச் சாவி தொங்குகிறது.