கேமுக்கு எந்த புராசஸர்: 12400எஃப்பா, 7600ஆ, 7800எக்ஸ்3டியா?

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் புதுசா பிசி போடற பசங்க எல்லாம் யூடியூப்ல ஒரு பார் சார்ட்ட பாத்துட்டு வந்து, "அண்ணா, 7800எக்ஸ்3டி எவ்ளோ மேல நிக்குது பாருங்க, கடன வாங்கியாச்சும் அதையே போட்டுரலாங்களா"ன்னு கேக்கறாங்க. அந்த சார்ட்டு பொய்யில்லைங்க. ஆனா அது எத வெச்சு எடுத்ததுன்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கும்: ஆர்டிஎக்ஸ் 4090, 1080பி. புராசஸருக்கு புராசஸர் வித்தியாசம் தெரியணும்னா கிராபிக்ஸ் கார்டு குறுக்க நிக்கக்கூடாது, அதுக்குத்தான் அவ்ளோ பெரிய கார்ட போட்டு சின்ன ரெசல்யூஷன்ல ஓட்டறாங்க, டெஸ்ட் பண்ண அதுதான் சரியான வழி. நம்ம வீட்ல இருக்கறது 3060ஓ 4060ஓ. அதுல சைபர்பங்க் மாதிரி கேம ஹை செட்டிங்ல போட்டா கார்டுதான் மொதல்ல திணறும், புராசஸர் பாதி நேரம் காத்துட்டு கெடக்கும், மூணுல எத மாட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே எஃப்பிஎஸ்தான் (ஒரு செகண்டுக்கு எத்தன ஃபிரேம், அதாவது படம், வருதுங்கற கணக்கு) வரும்.

அப்ப வித்தியாசம் எங்க தெரியும்? வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி கேம்ல. செட்டிங் எல்லாம் லோ, 144 ஹெர்ட்ஸோ 240 ஹெர்ட்ஸோ மானிட்டர், கார்டுக்கு வேலை கம்மி, புராசஸர்தான் ஓடணும். இங்க ஆவரேஜ பாக்காதீங்க, 1% லோ (ரொம்ப மெதுவா வந்த 1% ஃபிரேமோட எஃப்பிஎஸ்) எவ்ளோன்னு பாருங்க. 144 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃபிரேமுக்கு சுமாரா 6.9 மில்லிசெகண்டுதான் டைம். ஆவரேஜ் 200ன்னு காட்டும், ஆனா பாம் வைக்கற சைட்டுக்குள்ள நாலு ஸ்மோக் விழுந்து ரெண்டு பக்கமும் சேர்ந்து சுடற அந்த நேரத்துல ரெண்டு மூணு ஃபிரேம் 20 மில்லிசெகண்டுக்கு போச்சுன்னா கை நகத்துனது ஸ்கிரீன்ல லேட்டா வருது, நீங்க செத்துட்டீங்க. ஆவரேஜ் நம்பர்ல இது தெரியவே தெரியாது.

இப்ப மூணையும் பக்கத்துல வெச்சு பாப்போம். இன்டெல் ஐ5-12400எஃப் 2022 ஜனவரில வந்தது, 6 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான சின்ன மெமரி) 18 எம்பி. ஏஎம்டியோட ரைசன் 5 7600 2023 ஜனவரி, இதுவும் 6 கோர்தான், 5.1 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 32 எம்பி. ரைசன் 7 7800எக்ஸ்3டி அதே வருஷம் ஏப்ரல், 8 கோர், 5.0 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 96 எம்பி. கவனிச்சீங்களா, ஸ்பீடு 7600க்குத்தான் துளி ஜாஸ்தி, ஆனா கேம்ல 7800எக்ஸ்3டி அத தாண்டி போயிருது, காரணம் கோர் எண்ணிக்கை கூட பெருசா இல்ல, அந்த கேஷ்தான். வழக்கமா இருக்கற 32 எம்பி மேல இன்னொரு 64 எம்பி சில்லுவ அடுக்கி ஒட்டியிருக்காங்க. கேம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் யாரு எங்க நிக்கறாங்க, குண்டு எங்க போகுது, எத வரையணும்னு சின்னச் சின்ன டேட்டாவ திரும்பத் திரும்ப தேடும், அது கேஷ்லயே கெடைச்சா உடனே வேலை முடிஞ்சுது, ரேமுக்கு போயி எடுத்துட்டு வரணும்னா அதுக்கு பல மடங்கு நேரம், அதுவரைக்கும் கோர் சும்மா நிக்கும். ஃபிளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ மாதிரி கேம்ல எக்ஸ்3டி அவ்ளோ தூரம் முந்தறது இதனாலதான்.

கடைல சிலர் இன்டெல் 14600கே தள்ளிவிடுவாங்க. ஸ்பீடு நல்லாத்தான் இருக்கும், ஆனா முழு லோடுல 181 வாட் வரைக்கும் இழுக்கும். 7800எக்ஸ்3டி கேம் ஓடும்போது பெரும்பாலும் 50லிருந்து 80 வாட்டுக்குள்ள முடிச்சுரும். பாலக்காட்டு கணவாய் ஓரத்துல இருக்கற நமக்கு இது பெரிய விஷயங்க. சித்திரை மாசம் மத்தியானம் ஓட்டு வீட்டுல ரூமே 37, 38 டிகிரி, அதுக்கு மேலதான் சிப்போட சூடு ஏறணும். தேங்கா நார் பிரிக்கற மஞ்சி மில்லு பக்கத்துல வீடு இருந்தா இன்னும் மோசம், ஆறு மாசத்துல ஹீட்சிங்க் இடுக்குல செந்தூசி மாதிரி நாரு பஞ்சு அடைச்சு நிக்கும், பிரஷ் போட்டு தட்டினா கொத்தா விழும். அப்புறம் ஆடிக்காத்து அடிச்சா தென்ன மட்டை லைன்ல விழுந்து கரண்ட் போகும், 600 விஏ யூபிஎஸ் வெச்சிருக்கவங்களுக்கு கேம சேவ் பண்ணி ஆஃப் பண்ற நேரமாவது வேணுமில்ல, புராசஸர் குடிக்கற ஒவ்வொரு வாட்டும் அந்த நேரத்த குறைக்கும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறைல வோல்டேஜ் பிரச்சனை வந்து சிப்பு தேஞ்சு கேம் கிராஷ் ஆனது எல்லாருக்கும் தெரியும், 2024 ஆகஸ்ட்ல அத சரி பண்ண 0x129ங்கற மைக்ரோகோடு (போர்டோட பயாஸ் அப்டேட்ல சிப்புக்கு வர்ற திருத்தம்) விட்டாங்க, வாரன்டியும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. செகண்ட்ஹேண்ட்ல 14600கே வாங்கறவங்க பயாஸ் அப்டேட் ஆகியிருக்கான்னு கட்டாயம் பாருங்க. 12400எஃப்க்கு இந்தச் சிக்கல் கிடையாது. 2024 அக்டோபர்ல டெஸ்க்டாப்புக்கு வந்த இன்டெலோட கோர் அல்ட்ரா கரண்ட கம்மியா எடுத்தாலும் கேம்ல பல இடத்துல பழைய 14 சீரிஸ் கிட்டயே தோத்துச்சு, அத விட்ருங்க.

என் கணக்கு இதுதான். பட்ஜெட் இறுக்கம்னா, வீட்ல டிடிஆர்4 ரேம் கெடந்தா, 12400எஃப் போட்டு மிச்ச காச கார்டுல கொட்டுங்க. புதுசா எல்லாமே வாங்கறீங்கன்னா 7600, ஏன்னா அது ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் போர்டு, நாளைக்கு அதே சாக்கெட்ல எக்ஸ்3டி மாட்டிக்கலாம், 12400எஃப் போர்டோட கதை 14 சீரிஸோட முடிஞ்சுருது. இன்னொன்னு, 7600ல சின்னதா ஒரு கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு, கார்டு வாரன்டிக்கு போனாலும் ஸ்கிரீன் வரும், எஃப் சிப்புல வராது. 7800எக்ஸ்3டி, அதுக்கு அடுத்து வந்த 9800எக்ஸ்3டி ரெண்டும் 240 ஹெர்ட்ஸ்ல ரேங்க் ஆடறவங்களுக்கும் பெரிய கார்டு வெச்சிருக்கவங்களுக்கும்தான்.

ரேம் ரெண்டு ஸ்டிக்கா போடுங்க, ஒத்த ஸ்டிக்கு போட்டா எந்த புராசஸரா இருந்தாலும் 1% லோ அடிவாங்கும், பயாஸ்ல எக்ஸ்போவோ எக்ஸ்எம்பியோ ஆன் பண்ணுங்க, அப்பதான் ரேம் அதோட முழு ஸ்பீடுல ஓடும். கோயமுத்தூர்ல வாங்கலாமா பாலக்காட்டுலயான்னு கேட்டா, ஜிஎஸ்டி இருக்கறதால இப்ப வரி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், வாளையார் தாண்டறதுல லாபம் இல்ல, வாரன்டிக்கு ஓடறதுக்கு எது பக்கமோ அங்க வாங்குங்க.

ஏற்கனவே ஏஎம்4 (ஏஎம்5க்கு முந்தின சாக்கெட்) போர்டுல ரைசன் 2600ஓ 3600ஓ வெச்சு ஆடறவங்க புது செட்டுக்கு காசு போடறதுக்கு முன்னாடி 5700எக்ஸ்3டியோ 5800எக்ஸ்3டியோ கெடைக்குதான்னு தேடிப் பாருங்க, ரெண்டுலயும் அதே 96 எம்பி கேஷ்தான். போர்டு பி450ஆ இருந்தா பழைய சிப்பு மாட்டியிருக்கும்போதே பயாஸ அப்டேட் பண்ணிருங்க, பண்ணாம புதுச மாட்டினா டிஸ்ப்ளேவே வராது, பெரும்பாலான போர்டுல மறுபடி பழசையே மாட்டித்தான் ஆரம்பிக்கணும்.